எட்டாம் மாதத்துக்கு முந்தைய கப்பல்

தனுஷ்கோடி துறையில் நர்ஸாக இருந்தபோது, தலைமன்னார் கப்பலேறுகிறவர்களிடம் மூன்றைப் பார்ப்பேன்: காய்ச்சல், கண், அம்மை குத்திய தழும்பு. வெள்ளைக்காரன் போனபின் அக்கரையான இலங்கை வேறு நாடாகி, பாஸ்போர்ட்டும் விசாவும் சேர்ந்துகொண்டன.

அன்று, அக்கரையில் பிறந்து இங்கே வாக்கப்பட்ட ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகக் கையை நீட்டினாள். எட்டு நாள் முன்பு நான் அம்மை குத்திய இடத்தில் கொப்புளமே எழும்பவில்லை. மாமியார் அன்றே கழுவி மஞ்சள் பூசியிருக்கிறார்.

“திரும்பக் குத்தி எட்டு நாள் பாக்கணும்,” என்றேன்.

“அதுக்குள்ள எட்டாம் மாசம் பொறந்துரும் நர்சம்மா. எட்டுல கடல் தாண்டக் கூடாது,” என்றார் மாமியார். “கல்யாணத்துக்கு வந்தப்ப ஒரு தாளும் கேக்கலையே. அம்மை குத்துன சர்டிபிகேட்டுல ஒரு கையெழுத்துதான, போட்டுவிடுங்க.”

கப்பல் சங்கு ஊதியது. நான் பேனாவை மூடினேன்.

“அப்ப எங்கம்மாவ இங்கன வரச் சொல்றேன்,” என்றாள் அவள்.

“அவங்களுக்கும் பாஸ்போர்ட், விசா வேணும்.”

“எங்கம்மாவுக்குமா? எத்தன நாளாகும்?”

“மூணு மாசமாவது ஆகும்.”

பேறுகாலத்துக்கு இரண்டு மாதமே இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.