வேன் ஓடிய கணக்கு

சிவகாசியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கணக்குத் திருத்தப் போயிருந்தேன். அவர்கள் நடத்தும் தீக்காய சிகிச்சைக்கும் பள்ளிக்கும் பொதுவான வாடகை, வேன் செலவு எல்லாமே சிகிச்சைக்கான மத்திய அரசு மானியத்தில் ஏறியிருந்தன. சரியாகப் பிரிக்காவிட்டால் மானியம் நின்றுவிடும்.

கணக்கு எழுதும் அம்மா மெலிந்தவர். வெளியே எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு, அடுத்த சத்தம் வராது என்று தெரியும்வரை அசையமாட்டார்.

வேன் ஓட்டங்களைப் பிரித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இது பட்டாசு ஆலை வெடிச்ச அன்னைக்கு ஓடுனது சார். என் தங்கச்சியத்தான் ஏத்துனோம். பாதி வழியிலேயே போயிட்டா. எதுல எளுதச் சொல்லுதீக?”

“சிகிச்சையிலதாம்மா.”

“பாதி வழி வரைக்குமா, ஆஸ்பத்திரி வரைக்குமா?”

“ஆஸ்பத்திரி வரைக்கும்,” என்றேன். தலையாட்டிவிட்டு எழுதினார்.

மானியம் நிற்கவில்லை. அவர் கேட்டது கணக்கைப் பற்றித்தானா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.