சிலுப்பாத கிடா

அத்தைக்கு எங்கள் கிடாவைத் திட்டாமல் பொழுது விடியாது. "சனியனே, எழவெடுத்ததே, உன்ன எமன் கொண்டுகினு போவ" என்று ஆரம்பித்தால், பல் விளக்கி முடிக்கும்வரை ஓடும். அதே கிடாவைச் சித்தப்பா 'ராஜா' என்று கூப்பிடுவார். வேலையிலிருந்து வந்ததும் முதலில் அதன் தாடையைச் சொறிந்துவிடுவார். பிறகு பின்தொடையைக் கையால் பிடித்து அழுத்திப் பார்த்து, "நல்லாத்தான் கீறே ராஜா" என்று முதுகில் தட்டுவார். ஆகவே ஏழு வயதில் எனக்கு ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. உலகத்தில் அந்தக் கிடாவுக்கு ஒரே சிநேகிதர் சித்தப்பா, ஒரே எதிரி அத்தை. நான் எப்பேர்ப்பட்ட புத்திசாலி என்பதற்கு இது ஒன்று போதும்.

ஊர் ஆரம்பாக்கம். நாலு எட்டு வைத்தால் ஆந்திரா. அதனால் அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். நைனாவுக்கு நெல் வயலில் கூலி வேலை. அவருடைய தம்பியான சித்தப்பாவுக்கு மட்டும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் சவுக்குத் தோப்பை அழித்துப் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஹெல்பர் வேலை கிடைத்திருந்தது. தினமும் ரயிலில் போய் வருவார். அந்தப் பெருமையில் வீட்டில் டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார். அத்தை இவர்கள் இருவருக்கும் அக்கா. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைத்த அன்றே, ஒரு டிரங்குப் பெட்டியையும் ஒரு சினை ஆட்டையும் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஆடு ஒரு குட்டியைப் போட்ட கையோடு செத்துப்போனது. பஞ்சைப் பாலில் நனைத்து நனைத்துக் குட்டியைப் பிழைக்க வைத்தவள் அத்தைதான். ஊட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் ஊட்டினாளாம்.

குட்டி வளர்ந்து கிடாவான வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகி, கண் செருகி, நான் வாய்க்கு வந்ததைப் பிதற்றினேனாம். நைனா தெருவில் இறங்கி, எல்லையம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக் கத்தினார்: "தாயே, எம்பொண்ணு எழுந்து குந்துனா, ஊட்ல கீற கெடாவ உனுக்கே வுட்டுடறேன்!" வீட்டில் இருந்தது அந்த ஒரே கிடா. அக்காவைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அக்கா அப்போது என் தலைமாட்டில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. தம்பி பெண்ணுக்கு எதிராக ஆட்டுக்குப் பரிந்து பேச எந்த வாய் வரும்? அத்தை துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து என் நெற்றியில் போட்டாள். காய்ச்சல் இறங்கியது. கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணி ஏறியது.

சாமிக்கு விடுவது என்றால் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவது மாதிரி, கிடா போய் அம்மன் வீட்டில் சுகமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போகிற ஆட்டுக்கும் அன்று மத்தியானம் எங்கள் தட்டுக்கு வருகிற கறிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு வயது தேவைப்பட்டது.

ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று காணிக்கை என்று பேச்சு. ஆனால் சித்திரையிலேயே கிடா காரியத்தைக் கெடுத்தது. எதிர்ப்பக்கம் புல் பச்சையாக இருந்தால் அதற்குப் பொறுக்காது. யாரோ புதிதாகப் போட்ட முள்கம்பி வேலிக்குள் தலையை விட்டு, கழுத்தில் ஒரு குத்து வாங்கிக்கொண்டு வந்தது. சின்னப் புண்தான், இரண்டு நாளில் மேலே தோல் மூடிவிட்டது. அப்பாடா என்று இருந்தோம். உள்ளே போன அழுக்கு சும்மா இருக்குமா? நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது, பிறகு எலுமிச்சை ஆனது, பிறகு மாங்காயே ஆகிவிட்டது. கிடா தீனி எடுக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

பூசாரி வந்து பார்த்தார். "புண்ணு கீற கெடாவ ஆத்தா தொட மாட்டா. ஆடிக்குள்ள ஆத்தி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். கிடா அதைச் சுவரில் தேய்த்துவிட்டது. சித்தப்பா கம்பெனியின் முதலுதவிப் பெட்டியில் கை வைத்தார். நல்ல விரலில் காயம் என்று சொல்லி, டிஞ்சர் போட்ட பஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, வீட்டில் அவிழ்த்துக் கிடாவுக்கு வைத்தார். ஒரு நாள் கட்டை விரல், மறுநாள் சுண்டு விரல். ஒரு வாரம் போனதும், "மிஷினுக்குப் பக்கத்துலயே நீ போறதில்லியே, அப்பறம் எப்டிய்யா வெரலு வெரலா அடிபடுது?" என்று மேஸ்திரி கேட்டுவிட்டாராம். அத்தோடு டிஞ்சர் நின்றது. என்ன பாசம், என்ன பாசம் என்று நான் உருகிப்போனேன்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரைச் சித்தப்பாவே சைக்கிள் வைத்துக் கூட்டி வந்தார். கம்பவுண்டர் கட்டியைச் சுற்றி மயிரைச் சிரைத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்லா பழுத்துட்சி. ஆருனா ஒர்த்தர் தலையப் புடிங்க" என்றார். ராஜாவின் தலையைப் பிடிக்கிற உரிமையைச் சித்தப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று அவர் மேலே இருந்தது புது டெரிலின் சட்டை. கம்பவுண்டர், கட்டியின் அடிப்பக்கமாகப் பார்த்துக் கத்தியை வைத்தார். சீழ் கீழே வடியட்டும் என்று அவர் நினைத்தார், அது நேராகச் சித்தப்பாவின் மார்புக்குப் பாய்ந்தது. அந்த நாற்றத்தில் அம்மா வீட்டின் பின்பக்கம் ஓடினாள். சித்தப்பா பிடியை விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒண்ணுல்ல ராஜா, ஒண்ணுல்ல ராஜா" என்று தனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் வேலயே கீது," என்றார் கம்பவுண்டர், கை கழுவிக்கொண்டே. "மேல்தோலு அவசரப்பட்டு மூடிக்கிச்சின்னா உள்ள மறுபடி சீழ் கட்டும். உள்ளேர்ந்து தூந்துகினு வரணும். அதுவரிக்கும் தெனம் காத்தால உப்புத்தண்ணி ஊத்திக் கழுவு. ஈ குந்தாம சுத்தி வேப்பெண்ண தடவு. பேஜாரு புடிச்ச வேலதான், வேற வழியில்ல."

மறுநாள் அம்மா ஒரு செம்பு உப்புத்தண்ணீர் ஊற்றினாள். கிடா கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. அம்மா, நைனா, அப்போதுதான் நாஷ்டாவுக்கு உட்கார்ந்த சித்தப்பா, அவருடைய தட்டு, எல்லாவற்றிலும் உப்புத்தண்ணீரும் சீழும் சமமாக விழுந்தன. அதற்கு மறுநாள் அந்தச் செம்பைத் தொட வீட்டில் ஆளில்லை. "எட்டப் போங்க எல்லாரும். இந்தச் சனியன நான் பாத்துக்கறேன்" என்று அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

திட்டிக்கொண்டே ஊற்றுவாள். கிடா சிலுப்பும். இன்னும் இரண்டு திட்டு விழும். புண் மெல்ல மெல்ல உள்ளிருந்து தூர்ந்து வந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, பூசாரி ஒரு நாள் காலையில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அத்தை செம்பைக் கவிழ்க்க, கிடா படபடவென்று சிலுப்பியது. பூசாரிக்கு முகமெல்லாம் பல்.

"அடேங்கப்பா! பாத்தியா? கோயில்ல தண்ணி தெளிச்சா கெடா இப்டி சிலுப்பணும். அப்பதான் ஆத்தா உத்தரவு குட்த்தான்னு அர்த்தம். சிலுப்பலன்னா கத்தியத் தொடக் கூடாது. இது இப்பவே உத்தரவு குடுக்குது!"

சித்தப்பா பெருமையில் கிடாவின் தொடையைத் தடவினார். அத்தை காலிச் செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாளிலிருந்து அத்தை ரொம்பக் கெட்டவளாகிவிட்டாள். தண்ணீர் ஊற்றும்போது கிடா சிலுப்பினால் மூக்கிலேயே ஒன்று வைப்பாள். "சிலுப்புவியா? சிலுப்புவியா?" சிலுப்பாமல் நின்றுவிட்டால் மடியிலிருந்து ஒரு துண்டு கடலைப் பிண்ணாக்கை எடுத்து வாயில் திணிப்பாள். அத்தையிடம் இருப்பது இரண்டே புடவை, நனையக் கூடாது என்றுதான் வாயில்லா ஜீவனை இந்தப் பாடு படுத்துகிறாள் என்று நான் கண்டுபிடித்தேன். அது மட்டுமா? புண் கழுத்தில், தண்ணீர் முதுகில் விழுந்தது. தலையில் விழுந்தது. செம்பு போய்க் குடம் வந்தது. புண் ஆறி, அந்த இடத்தில் புது மயிர் முளைத்த பிறகும் குடம் நிற்கவில்லை.

"புண்ணு கழுத்துலதான இருந்துச்சி அத்த? முதுவுல இன்னாத்துக்கு ஊத்துறே?"

"வந்துட்டா டாக்டரு. போடி அப்பால."

ஆனி மாதம் திடீரென்று ஒரு மழை. தெருவில் மேய்ந்த ஆடெல்லாம் கூரைக்கு ஓடின. எங்கள் கிடா மட்டும் நட்ட நடுவில் அசையாமல் நின்று, வாயை லேசாகத் திறந்துகொண்டு யாரையோ தேடியது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது. சித்தப்பாவிடம் சொன்னேன். "சாமி கெடா இல்ல? அப்டிதான் இருக்கும்" என்றார். அக்கா கிடாவைக் கவனிக்கிற அழகைப் பார்த்து அவருக்கு அத்தனை சந்தோஷம். கம்பெனியிலிருந்து நாலு பேரைச் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டுவிட்டார்.

ஆடி வந்தது. கிடாவுக்குப் பொட்டு, மாலை, பம்பை, உடுக்கை. அரிவாள் எதற்கு என்று கேட்டேன். எலுமிச்சம்பழம் நறுக்க என்றாள் அம்மா. பூசாரி புண் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையில் ஊற்றினார். "ஆத்தா, உத்தரவு குடு!"

கிடா அசையவில்லை.

இன்னொரு செம்பு ஊற்றினார். கிடாவுக்கு மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது, கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான். பம்பைக்காரர் வேகமாக அடித்தார். குடத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். குடம் கவிழ்ந்தது. கிடா சிலை மாதிரி நின்று, கூட்டத்தில் யாரையோ பார்த்து வாயைத் திறந்தது.

"ஊட்ல இன்னாவோ குத்தம் கீதுப்பா," என்றார் பூசாரி. "ஒத்துக்குங்க. ஆத்தா எறங்குவா."

நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வயலுக்குப் போகிற மடையை அடைத்து, தான் கூலிக்குப் போகும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பியவர் அவர்தானாம். பக்கத்து வயல்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதற்குத் தனியாக ஒரு பஞ்சாயத்து ஆரம்பமாகி, அடக்கி உட்கார வைத்தார்கள். குடம் கவிழ்ந்தது. கிடா நின்றது. அம்மா, கோயில் விளக்குக்கென்று எடுத்து வைத்த எண்ணெயில் கொஞ்சம் தலைக்குத் தேய்த்துக்கொண்டதைச் சொன்னாள். குடம் கவிழ்ந்தது. கிடா நின்றது. சித்தப்பா நடுங்கும் குரலில், "ஆத்தா, உனுக்கு முன்னாடி நாந்தான் ஆசப்பட்டுட்டேன். தெனமும் தொடையத் தொட்டுப் பாத்தேன். மன்னிச்சிடு தாயே" என்று மண்ணில் விழுந்தார். பூசாரியே ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டார், எதற்கென்று சொல்லவில்லை.

"அக்கா, நீ இன்னா பண்ணே?" என்றார் நைனா.

"நா இன்னாடா பண்ணேன்?" அத்தையின் குரல் கோயிலுக்கே கேட்டது. "தெனம் விடிஞ்சா இதுக்குத் தண்ணி ஊத்துனேன். வேற இன்னா பண்ணேன்?"

பாவம் என்று எல்லோரும் தலையசைத்தார்கள். கிடா தாம்புக்கயிற்றை இழுத்துக்கொண்டு அத்தையிடம் போய் அவள் மடியை முகர்ந்தது. "ச்சீ, எட்டப் போ சனியனே!" என்று அத்தை அதன் மூக்கில் ஒன்று வைத்தாள்.

பூசாரி ஓய்ந்துபோனார். "வோணாம்ன்றா ஆத்தா. இந்த வர்சம் பொங்க வச்சிட்டுப் போங்க. அடுத்த ஆடிக்குப் பாக்கலாம்."

நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னை இழுத்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எம்பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" ஆகாது என்று பூசாரி விபூதி பூசினார். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நேர்த்திக்கடன் நிறைவேறாத துக்கம் என்று அம்மா அவளைத் தேற்றினாள். கம்பெனிக்காரர்கள் நாலு பேரும் பூசணிக்காய் சாம்பார் சாப்பிட்டுவிட்டு, போகும்போது சித்தப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் அத்தைதான் என்னை எழுப்பினாள். அவள் கை என் நெற்றியில் இருந்தது. பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். "சுடல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டாள். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய்க் குடத்தை நிரப்பினாள்.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். "திருநாதான் முடிஞ்சிட்சே அத்த, இன்னும் இன்னாத்துக்கு ஊத்துறே?"

அத்தை குடத்தைக் கிடாவின் தலையில் கவிழ்த்தாள். கிடா அசையாமல் வாயைத் திறந்தது.

"அடுத்த ஆடி வருமில்ல?" என்றாள், மடியில் பிண்ணாக்கைத் தேடிக்கொண்டே.

நான் ஒரே ஓட்டமாகச் சித்தப்பாவிடம் போய், அத்தை திருந்திவிட்டாள், அடுத்த திருவிழாவுக்கு இப்போதே கிடாவைத் தயார்பண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று நல்ல சேதி சொன்னேன். ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கக்கா தங்கம்மா, தங்கம்" என்றார்.