ஒரே சட்டையில் இரண்டு இலை

ஆல்ட்டர் அக்கா என்றால் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் உடைகளை அளவுக்கேற்பப் பிடித்தும் பிரித்தும் கொடுப்பவர். தமக்கென்று செய்தது ஒன்றே ஒன்று: ஆறடிக்கு நாலடி கெட்டித் துணியில் ஒரு குடும்ப மரம். அதற்கு மூன்று ஆண்டு, இரண்டு மாதம் பிடித்தது.

குடும்பத்தில் ஆளுக்கொரு பழைய உடை வாங்கி, வெட்டிய துண்டுகளால்தான் அடிமரமும் கிளையும். உயிரோடிருப்பவர் துண்டில் பச்சை நூல் இலை. காலமானவர் துண்டில் புத்தகத்துக்குள் வைத்துப் பாடம்பண்ணிய நிஜச் சருகு. மொத்தம் முப்பத்தொரு பேர். அண்ணன் மட்டும், நல்ல சட்டையை வெட்டவா என்று எதுவும் தரவில்லை.

அந்த மரத்தை வைத்திருந்த கைவேலைக் கண்காட்சி மாலை நான்கு மணிக்குத் திறப்பு. காலை பத்தே முக்காலுக்கு அண்ணன் அண்ணியோடு வந்தார். அப்பாவுக்கென்று அடிமரத்தில் வைத்த சாம்பல் கோடு போட்ட துண்டில், இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பைத் தொட்டார்.

"இது என் சட்டை. நான்தான் சுட்டேன். உயிரோட இருக்கிறவனுக்குச் சருகா?"

அப்பா ஒரே துணியில் இரண்டு சட்டை தைப்பார், தமக்கொன்று, மகனுக்கொன்று. அண்ணி அனுப்பிய பழந்துணி மூட்டையில் கிடந்ததை அக்கா அப்பாவுடையது என்று நம்பிவிட்டார். அப்பாவின் உடை வேறொன்றும் மிச்சமில்லை. துண்டு அண்ணனுடையது என்றால் மரத்தில் அப்பாவே இல்லை.

சருகை எடு என்றார் அண்ணன். அக்கா சிறு கத்தரியால் நான்கு தையல் பிரித்தார். அதற்குமேல் கை போகவில்லை.

அண்ணிதான் வாய் திறந்தார். "கடைசி ஆறு மாசமும் மாமா இதைத்தானே போட்டுக்கிட்டிருந்தார்? காணோம் காணோம்னு வீட்டையே தலைகீழாக்கின பிறகுதானே அவர் மேல பார்த்தீங்க."

பலமுறை கேட்டும் அப்பா கழற்றித் தரவில்லை என்பதை அண்ணன் ஒப்புக்கொண்டார்.

"சரி, ரெண்டு பேருக்கும் வை."

அக்கா நான்கு தையலையும் திரும்பப் போட்டு, பக்கத்தில் பச்சை இலை தைத்தார். ஐம்பது நிமிடம். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலையும் பார்த்தார். முடிந்ததும், சருகு அரை அங்குலம் பெரிதாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே?"

அக்கா மறுபடி பச்சை நூல் கோத்தார்.