கூடத்துக் கேமராவும் எதிர்வீட்டு டீச்சரும்

என் பின்னந்தலையை நான் முதன்முதலில் பார்த்தது எதிர்வீட்டு டீச்சரின் செல்போனில்தான். தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்த மத்தியானம். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து கூடத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன். குடையை மடக்காமலே படியேறி வந்த டீச்சர் போனை நீட்டினார். உள்ளே ஈரக் கூந்தலும் துண்டுமாக ஒருத்தி. நான் திரும்பினேன், அவளும் திரும்பினாள்.

கூடத்துச் சுவரில் இருந்த கேமரா, துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரரின் ஏற்பாடு. ஆம்பிளைகள் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தெருவில் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அங்கிருந்து பார்த்துவிட்டு, "ஃபேன அணைக்காம எங்கன போன?" என்று கூப்பிடுவார்கள். டீச்சர் வீட்டிலும் அதே கதைதான். எல்லா வீட்டிலும் மாட்டியவர் ஒரே கடைக்காரர். யாராவது மறந்துபோனால் சொல்ல வசதியாக எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். உள்ளே நுழைய அடிக்கிற பெயர், அந்தந்த வீட்டு நம்பர்.

"எல்லாருக்கும் ஒண்ணுதானோன்னு சந்தேகமா இருந்துச்சுக்கா. எங்க பாஸ்வேர்டையே உங்க நம்பருக்குப் போட்டுப் பாத்தேன், திறந்துட்டு. அதான் ஓடி வந்தேன்."

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "யாரக் கேட்டுத் திறந்தீங்க டீச்சர்? டிவில ஹேக்கர் ஹேக்கர்ங்காங்களே, அது இதுதானா?"

"இதுவுந்தான். பூட்டு நல்லாருக்கான்னு பாக்கவனுக்கும் அதே பேருதான், களவாங்க வாரவனுக்கும் அதே பேருதான்."

"திறந்தது திறந்ததுதானே? முதல்ல கேட்டுருக்கலாம்லா?"

கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர், எட்டாவதோடு நின்ற என்னிடம், "கேட்டுருக்கணும்க்கா" என்றார்.

பாஸ்வேர்டை மாற்றத் தெரிந்தவரும் அவர்தான். புதுச் சொல்லை நான் அடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்படியும் முந்தானையால் போனை மூடிக்கொண்டுதான் அடித்தேன். அவர் போன பிறகு, அந்தக் கூடத்தில் நான் அழுதது, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடைக்காரர் எதையெல்லாம் பார்த்தாரோ. டீச்சர் அன்றைக்குத்தான் முதல் தடவை திறந்தாரா?

சாயங்காலம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "கேமரா ஏன் தெரியல? யாரக் கேட்டுடி மாத்துன? நீ என்ன ஹேக்கராயிட்டியா?"

நான் கேட்ட அதே கேள்வி. புதுப் பாஸ்வேர்டை அவருக்குச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. "பாக்கணும்னா போன் போட்டுக் கேளுங்க. திறந்துவிடுதேன்."

பல நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கேட்டுத்தான் பார்க்கிறார். வேறு வழி ஏதும் வைத்திருப்பாரோ என்று அவ்வப்போது கேமராவைத் துணியால் மூடுகிறேன். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அவரையும் முழுசாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் பார்த்தவர்களில், பார்த்தேன் என்று வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான்.