சாரலில் இழைத்த கதவு

போன வாரம் எங்கள் வீட்டு வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்து, ஆற வைத்திருந்த பாலைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

பூனையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது... தாராளமாக விரல் நுழையும். அதில் ஒரு பழைய சாரத்தைக் கிழித்து, மடித்துச் செருகியிருக்கிறது. சாரம் என்றால் எங்கள் பக்கம் லுங்கி. அந்தத் துணிதான் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூசி ஏறிக் கறுத்துவிட்டதே, துவைத்துப் போடலாம் என்று அன்றைக்கு உருவினேன். மேற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. மீதிக் கதை பூனைக்குத் தெரியும்.

பூனையைத் தேடிக்கொண்டு வந்தது ஸ்டெல்லா அக்கா. பூனைக்குச் சொந்தக்காரி, பக்கத்து வீடு, சுரண்டையில் பிறந்து தென்காசிக்கு வாக்கப்பட்டவர். வாளியில் ஊறிக்கொண்டிருந்த துணியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒரு ரீப்பர் கட்டைய வச்சு அடிச்சா முடிஞ்சிரும்லா? எதுக்கு இந்தக் கந்தலக் கட்டிக்கிட்டு அழுவுத?"

முடிந்துவிடும்தான். பத்து நிமிஷ வேலை. இடைவெளியை அடைக்கிற மெல்லிய மரச்சட்டம், அந்த ரீப்பர் கட்டைகூட வீட்டில் தயாராக இருக்கிறது. ஆனாலும் அடிக்கவில்லை. ஏன் என்று அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொல்கிறேன். அக்கா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் மெயின்டனன்ஸ் வேலை. யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும், யார் வீட்டு ஜன்னல் சிக்கிக்கொண்டாலும் இவர்தான் டூல்ஸ் பையோடு போய் நிற்பார். ஊரார் வீட்டுக்கெல்லாம் வருஷம் முழுக்க. சொந்த வீட்டுக்கு ஒரு மாதம்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு — எது ரிப்பேர் ஆனாலும், "அவுக லீவுக்கு வரும்போது பாத்துக்கிடலாம்." மோட்டார் உறுமுகிறதா? அவுக வரட்டும். டேங்க் நிரம்பி வழிகிறதா? அவுக வரட்டும். மிக்ஸி புகைகிறதா? அம்மி இருக்கிறது, அவுக வரட்டும். அவரும் வந்து இறங்கி, கொண்டு வந்த பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார். அப்புறம் அந்த மாதம் மோட்டாரோடும் டேங்க்கோடும் போய்விடும். நடுவில் நாலு கல்யாணம், இரண்டு துக்க வீடு. ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நிற்கும்போதுகூட, "அந்த ஸ்விட்ச மட்டும் மாத்திட்டு வந்திருதேன்" என்று ஸ்டூலில் ஏறுவார்.

ஊரில் எலக்ட்ரீஷியனே இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல்? போன் போட்டால் வருவார்கள். ஆனால் வீட்டில் அவருக்கென்று ஒரு வேலை பாக்கி இருந்தால் அவர் கட்டாயம் வந்துவிடுவார் என்று எனக்கு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். மகளிடம் சொன்னால் சிரிப்பாள். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், குழாய் ஒழுகினால் ஆப்பில் ஆளைக் கூப்பிடுகிற தலைமுறை.

போன வருஷம் ஆனி மாதம் இந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். காரணம், ஐந்தருவி.

கல்யாணமான புதிதில் ஒரு ஆடியில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போனோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஜோடியாகப் போனாலும் தனித்தனியாகத்தான் குளிக்க வேண்டும். நடுவில் தண்ணீர் இரைச்சல், கூப்பிட்டால்கூடக் கேட்காது. நான் குளித்து முடித்து, பல் தந்தியடிக்க வெளியே வந்தால், படிக்கட்டுப் பக்கம் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பொட்டலம் ரம்புட்டான். "எம்புட்டு நேரம்ட்டி?" என்று ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த ஈரத்தலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு சாரல் நேரத்தில், அருவி கொட்டுகிற ஆனி ஆடியில், நாங்கள் சேர்ந்து அங்கே போகவே இல்லை. எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். பஸ் ஏறினால் போய் இறங்கிவிடக்கூடிய எங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் மோட்டார், டேங்க், மிக்ஸி.

அதனால் போன ஆனியில் முடிவு பண்ணினேன். ஆடியில் அவருக்கு லீவு. அவர் வருவதற்குள் வீட்டில் ஒரு ரிப்பேர் பாக்கி இருக்கக் கூடாது. வந்த மறுநாள் காலையில் ஐந்தருவி. அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும்.

மோட்டாருக்கு ஆள் கூப்பிட்டேன். மிக்ஸியைக் கடையில் கொடுத்து வாங்கினேன். மிச்சம் இருந்தது வாசல் கதவு. பழைய கதவைக் கரையான் அரித்து, சித்திரை வெயிலில் புதுசு போட்டிருந்தோம். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முதல் சாரல் விழுந்ததுமே ஈரத்தைக் குடித்து ஊதிக்கொண்டு, நிலையோடு இறுகிவிட்டது. திறக்க வேண்டுமானால் தோளால் ஒரு இடி. பெட்டியும் கையுமாக வருகிற மனுஷன் முதலில் இதைத்தான் பார்ப்பார். அப்புறம் எங்கே ஐந்தருவி?

ஆசாரிக்குப் போன் போட்டால், "சாரல் முடியட்டும்க்கா, அப்பம் பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. சாரலில் கதவு இறுகும், வெயில் ஏறினால் தானாக இளகும், நடுவில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது — இது எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரருடைய டூல்ஸ் பெட்டியை இழுத்தேன்.

அதற்குமுன் மெழுகுவத்தி தேய்த்துப் பார்த்தாயிற்று. உப்புத்தாள் போட்டுப் பார்த்தாயிற்று. கதவு மசியவில்லை. எந்த இடத்தில் உரசுகிறது என்று கண்டுபிடிக்க நிலையில் கோலப்பொடியை ஈரமாகப் பூசி, கதவைச் சாத்தித் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை வெள்ளை. எல்லா இடமும்தான் உரசுகிறது. கதவு ஆடாமல் இருக்க அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்துவிட்டு, இழைப்புளியைக் கையில் எடுத்தேன்.

அதன் கைப்பிடி ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவருடைய உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். என் கையை அதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இந்த வயதில் அழுகை வருமா? எனக்கு வந்தது.

அப்புறம் ஆரம்பித்தேன். முதல் இழுப்பில் உளி மரத்துக்குள் புதைந்துகொண்டது. அடுத்ததில் இழைப்புளி வழுக்கி, விரல் நிலையில் மோதியது. நடுவில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, ஓடிப்போய்க் குடத்தை மாற்றினேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கணக்கு விட்டுப்போய், பருப்பு கூழாகிவிட்டது. காயாத துணியெல்லாம் ஹாலில் ஃபேனுக்கு அடியில் தொங்க, அதற்குள் குனிந்து குனிந்து நடந்தேன். ஆனால் ஒரு கட்டத்தில் கை பழகிவிட்டது. மரம் சுருள் சுருளாக வர ஆரம்பித்தது. பெருமையாக இருந்தது.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார். "சாரல்ல யாராவது கதவ இழைப்பாகளாட்டி?"

சாரல் சரியாக எட்டாத சுரண்டைக்காரிக்குச் சாரலைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அவர்தான். வீடியோ வேண்டாம், நெட் சரியில்லை என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு இழைத்துக்கொண்டே பேசினேன். கதவு அவருக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று நினைப்பு.

"என்னட்டி செய்யுத? ஏதோ சத்தம் கேக்கு?"

"தேங்கா துருவுதேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சரி, நெட்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"லீவு இல்லேன்னுட்டாங்கட்டி. கூட வேல பாக்குதவனோட அம்மைக்கு ரொம்ப முடியல. அவன் ஊருக்குப் போறான். ரெண்டு பேரையும் ஒண்ணா விட மாட்டாங்க. எனக்கு இனிமே தையிலதான்."

"சரி," என்றேன். "அவரு மொதல்ல போயிட்டு வரட்டும். பாவம்லா."

போனை வைத்தேன். கதவு அந்நேரமே சரியாகத்தான் இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம்... அந்த அம்மாவின் மேலா? மஸ்கட் மேலா? கதவுதான் கையில் கிடைத்தது. சுருள் சுருளாகத் தரை முழுக்க விழுந்து கிடக்கும்வரை இழைத்தேன்.

எல்லா ரிப்பேரையும் முடித்து வைத்த வருஷம் பார்த்து அவர் வரவில்லை. அந்த ஆடி முழுக்க என் வீட்டு வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்து மூடியது. ரோட்டில் ஐந்தருவிக்குப் போகிற வேன்களில் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சாரல் நின்றது. அப்புறம் மழையும் முடிந்து, வெயில் வந்தது. கதவு இளைக்க ஆரம்பித்தது. சொல்லி வைத்த மாதிரி, தை பிறந்தபோது விரல் போகிற அளவுக்கு வந்து நின்றது. பெட்டியோடு வந்தவர் கதவின் முன்னால் நின்றார். ஆள்காட்டி விரலை இடைவெளியில் விட்டுப் பார்த்தார். உள்ளே வந்து டீ கேட்டார்.

மறுநாள் ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் போனோம். கடைகள் பூட்டியிருந்தன. பாறை காய்ந்து வெளுத்துக் கிடந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் கசிவு. குரங்குகள் எங்களை அதிசயமாகப் பார்த்தன. பழக்கதோஷம்... அவர் ஆண்கள் பக்கம் போய் நின்றார், நான் பெண்கள் பக்கம் போய் நின்றேன். தண்ணீர் விழுந்தால் ஒரு வார்த்தை கேட்காத இடம். அன்றைக்கு அவர் சாதாரணமாகப் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அன்னைக்கே தெரியும்ட்டி எனக்கு."

"என்னது?"

"நீ தேங்கா துருவலன்னு. இழைப்புளிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்பம் அங்கனயே சொல்ல வேண்டியதுதான? சாரல்ல கதவ இழைக்காதன்னு?"

அவர் பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லீவு இல்லன்னு சொல்லப் போன் போட்டவன். எனக்காவ நீ கதவ இழைச்சுக்கிட்டு நிக்க. எந்த வாயால இழைக்காதன்னு சொல்லுவேன்?"

கடையெல்லாம் பூட்டியிருந்ததால் ரம்புட்டானும் இல்லை. வருகிற வழியில் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டோம். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வந்தோம். அது நன்றாக இருந்தது.

அந்த லீவிலும் ஆயிரம் வேலை. கடைசி நாள் ஒரு ரீப்பர் கட்டையை அளந்து, அறுத்து, ஆணியோடு கதவின் முன்னால் உட்கார்ந்தார். நான் போய்ச் சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.

"ஆடிக்கு வந்து அடிங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போய், தன்னுடைய பழைய சாரம் ஒன்றை எடுத்துக் கிழித்து, மடித்து, இடைவெளியில் செருகினார். கதவு இறுக்கமாக நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருகிய துணியை எடுக்காமல், அன்றைக்குப் புறவாசல் வழியாகவே போனார்.

ஸ்டெல்லா அக்கா பார்த்த கந்தல் அதுதான். துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் திரும்பச் செருகிவிட்டேன். சோப்பு வாசனை வருகிறது. துவைக்காமலே இருந்திருக்கலாம்.

கட்டிலுக்கு அடியில் ரீப்பர் கட்டை இருக்கிறது, ஆணி இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது. இந்த ஆடிக்கு வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதுவரை என் வீட்டில் இந்த ஒரு வேலை பாக்கி இருக்கட்டும்.

பூனை குடிக்கிற பாலைக் குடித்துவிட்டுப் போகட்டும்!