கழுத்தில் போடாத வார்

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளுக்கும் உறை பிரிப்பதில்லை. டிவி ரிமோட் இன்றும் பாலிதீனுக்குள்தான் கிடக்கிறது. அதன் எண்கள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

பொத்தேரிப் பக்கம் கல்லூரியில் படித்தபோது, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு துறையின் கேமராவை இரண்டு நாள் என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் மற்ற எல்லோரும் கைநாட்டு. கையெழுத்தை நம்பி எங்களில் ஒருவருக்கு யாரோ ஒரு பொருளைத் தந்தது அதுதான் முதல் முறை.

மாமல்லபுரம் போகிறேன் என்றதும் அம்மா பதறினாள். “உப்புக் காத்து நைனா. அப்டியே தூக்கிகினு போவாத.” துணிக்கடைப் பை ஒன்றில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, கேமராவை உள்ளே வைத்து ரப்பர் பேண்டு போட்டாள். கழுத்தில் மாட்டும் வாரை நானே சுருட்டி உள்ளே தள்ளினேன். வியர்வை பட்டு அழுக்காகிவிடுமே.

கூட வந்த நண்பன் சிரித்தான். “இன்னா மச்சான், கேமராவா, பார்சல் சாம்பாரா?”

படகை இழுப்பவர்களைப் படம் எடுக்கப் பாறைமேல் ஏறினேன். அலை தெறித்துக் கை ஈரமாகியிருந்தது. பாலிதீன் வழுக்கியது. பதறிப் பிடித்து இழுத்தேன். பை கையோடு வந்தது, கேமரா பாறையில் மோதி மணலில் விழுந்தது. எடுத்து லென்ஸ் வளையத்தைத் திருகினால் உள்ளே ஏதோ அரைபட்டது. எல்லாப் படமும் மங்கல்.

“ஆன் ஆவுதுல்ல? தொடச்சிக் குடுத்துடு. வாயத் தொறக்காத. அடுத்து வாங்கறவன் தலைல வுழும்,” என்றான் நண்பன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் வெட்டிய பை அது.

திங்களன்று துறை ஆய்வகத்தில், அதே பதிவேட்டில் ‘நல்ல நிலையில்’ என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஜூனியர் பெண், அடுத்து வாங்க நின்றிருந்தாள். பேனாவை மூடினேன்.

“அக்கா, கீழ வுட்டுட்டேன்.”

ஆய்வகத்து அக்கா வளையத்தைத் திருகிப் பார்த்தார். சுருட்டிய வாரையும் பார்த்தார். “இது இன்னாத்துக்குப்பா கீது? கழுத்துல மாட்டத்தானே?”

அவ்வளவுதான், திட்டவில்லை. பின்னால் நின்றவளிடம், “ரிப்பேராயி வர்ற வரைக்கும் கெடையாதும்மா,” என்றார்.

மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். “பரவால்லண்ணா,” என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல். கேமராவைச் சுற்ற வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள். புதுத் துண்டு. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை.