அக்கரையில் அசைந்த நிலம்

சந்திரமதி டீச்சர் மலாக்காவின் காஜா பெராங்கில் குடியிருந்தார். நகரத்துப் பெண்கள் பள்ளியொன்றில் புவியியல் ஆசிரியை. கணவர் ஜெயபாலன், பண்டார் ஹிலிரில் இருந்த மொத்தக் கடைக்காகச் சுமத்ராவுக்குப் போய்ப் பட்டையும் கிராம்பும் வாங்கி வருபவர். பிள்ளைகள் இல்லை.

1963இல் ஜெயபாலன் உதவியாள் தேவதாசுடன் புறப்பட்டார். சுமத்ராவின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்துக்கு.

"தீபாவளிக்குள்ள வந்துருவேன், மதி. வீட்ட பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிராத."

தீபாவளிக்கு முன்பே இந்தோனேசியா மலேசியாவோடு மோதலை அறிவித்தது. கப்பல் நின்றது, தந்தி நின்றது. இருவரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இருவரும் நலம் என்று ஒரு மீனவர் மூலம் ஒரே ஒரு முறை தகவல் வந்தது.

மறு ஆண்டு ஒரு காலை. டீச்சர் அட்டையில் வெட்டிய தென்னமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் கரும்பலகையில் ஒட்டவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. இரண்டு கரையிலும் ஒரே விலங்கின் எலும்புகள் பாறையில் கிடைத்திருப்பதையும் சொன்னார்.

"அப்படின்னா தரை இப்பவும் நகருதா, டீச்சர்?" என்று விஜயா என்ற மாணவி கேட்டாள்.

"நகருதுன்னு சிலர் சொல்றாங்க. எதால நகருதுன்னுதான் சண்டை."

அப்போது கூரையிலிருந்து தொங்கிய விளக்கு ஆடத் தொடங்கியது. காற்று இல்லை. மைக்கூட்டில் மை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. ஜொகூர் கரையில் எதிரி வீரர்கள் இறங்கியதாகச் செய்தி வந்திருந்த நேரம். "பாம்! பாம்!" என்று பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

டீச்சர் மட்டும் மேசையைப் பிடித்தபடி நின்றார். சத்தம் எதுவும் இல்லை. படகில் நிற்பதுபோல நீளமான, மெதுவான அசைவு. நிலநடுக்கம் பக்கத்தில் நேர்ந்தால் வெடுக்கென்று உலுக்கும். அந்த உலுக்கல் வழியிலேயே தேய்ந்துபோகும், நெடிய அலைகள் மட்டுமே தொலைவு வரும் என்பது அவருக்குத் தெரியும். இங்கே வந்து இப்படி ஆட்டுகிறது என்றால் அக்கரையில், சுமத்ராவில் எப்படி இருந்திருக்கும்?

தலைமையாசிரியை பிள்ளைகளைத் திடலில் நிறுத்தி, பயமில்லை என்று சொல்லும்படி டீச்சரிடம் கேட்டார்.

"நமக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டீச்சர். "ஆனா வேற யாருக்கோ ஆயிருச்சு."

மாலையில் பக்கத்து வீட்டு நாகம்மா வேலியோரம் வந்தாள். தலைமுறைகளாக மலாயே பேசிவரும் மலாக்காச் செட்டி குடும்பத்துப் பெண், தமிழ் பேச வராது. "ரூமா கோயாங், சிக்கு! தாக்குட்!" டீச்சரை அவள் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவாள். வீடு ஆடியதாம், பயந்துபோனாளாம். டீச்சர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் வானொலியைத் திருப்பினார். லேசான அதிர்வு, சேதமில்லை என்றது. அக்கரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. தபால் நிலையத்தில் கையை விரித்தார்கள். அக்கரையில் என்ன நடந்தது என்பது தெரியாமலே அவர் தினமும் வகுப்புக்குப் போய்வந்தார்.

1966இல் சமாதானம் ஆனது. தேவதாஸ் தனியாக வந்து வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டடம் விழுந்துதா?"

"இல்ல அண்ணி. அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்ல. எல்லாரும் வெளிய ஓடிட்டோம். அப்புறந்தான் கடல் உள்வாங்கிச்சு. மீனெல்லாம் சேத்துல துள்ளுது. சனங்க கூடையோட எறங்கினாங்க. அண்ணனும் வேடிக்கை பாக்கப் போனாரு."

"நீ?"

"மூட்டைங்க பக்கத்துல மேட்டுல நின்னேன். கூப்பிட்டேன் அண்ணி. அவருக்குக் கேக்கல. அதுக்குள்ள அலை வந்துருச்சு."

கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அதைச் சொன்னவர் சந்திரமதி. தேர்விலும் கேட்டிருக்கிறார். வீட்டில் சொன்னதே இல்லை. அங்கே பேசியதெல்லாம் பட்டை விலையும் சாப்பாடும்தான்.

சில ஆண்டுகளில் விஞ்ஞானிகளின் சண்டை ஓய்ந்தது. பூமியின் மேலோடு பெரும் தட்டுகளாகப் பிளந்திருக்கிறது. கண்டங்கள் அவற்றின்மேல் சவாரி செய்கின்றன. இந்துமாக்கடலின் தரை சுமத்ராவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. நுழையும்போது சிக்கிக்கொள்கிறது. இழுபட்ட நிலம் ஒருநாள் விடுபட்டு எகிறுகிறது. டீச்சர் அதை வகுப்பில் நடத்தினார். முடித்ததும், "கடல் உள்வாங்குனா மேட்டுக்கு ஓடணும்னு இன்னைக்கே வீட்ல போய்ச் சொல்லுங்க" என்பார். மறுநாள் ஒவ்வொருத்தியையும் எழுப்பிக் கேட்பார்.

ஒரு பள்ளி விடுமுறையில் தேவதாசைக் கூட்டிக்கொண்டு அந்தத் துறைமுகத்துக்குப் போனார். கல்லறை என்று எதுவும் இல்லை. அலை வாரிக்கொண்டுபோன அதே இடத்தில் புது வீடுகள் வரிசையாக எழுந்திருந்தன. கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. மீன் உலர்த்திய பெண்ணிடம், மறுபடியும் ஏன் இங்கேயே கட்டினீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"வேற எங்க போறது? அதான் ஒரு தடவ வந்துட்டுப் போயிருச்சே" என்று அவள் சிரித்தாள்.

டீச்சர் பின்னால் இருந்த குன்றைப் பார்த்தார். மேலே ஏறப் பாதை இல்லை. முள்ளும் புதருமாக மண்டிக் கிடந்தது.